படுத்தால் 154, நின்றால் 94: உப்புத் தண்ணீர் போதாதா?

மூத்தமகன் | பிப்ரவரி 6, இரவு 10.15

அப்பாவுக்கு வயது 71. பார்க்கின்சன் வந்து ஆறு வருடம் ஆகிறது. மூன்று மாதமாக எழுந்து நின்றதும் கண் இருட்டிக்கொண்டு வருகிறது என்கிறார். இரண்டு முறை விழுந்தும் விட்டார். வீட்டு மெஷினில் படுத்திருக்கும்போது 154/82, நாடி 68. எழுந்து நின்று மூன்றாவது நிமிடம் 94/58, நாடி 73. ஒரு டாக்டர் பிபி கூடுதல் என்கிறார். இன்னொருவர் தன்னியக்க நரம்பு பழுதாகி பிபி இறங்குகிறது, மாத்திரை போட வேண்டும் என்கிறார். எனக்கென்னவோ இது வெறும் லோ பிபிதான், உப்புத் தண்ணீர் போதும் என்று படுகிறது. மெஷின் மேலும் சந்தேகம். பட்டவர்கள் சொல்லுங்கள்.

சாய்நாற்காலி | பிப்ரவரி 6, இரவு 11.02

மெஷின் சரி. இரண்டு டாக்டரும் சரி. நீங்கள் சொல்வதுதான் பாதி தப்பு.

நாலு வருடமாக எனக்கும் இதே கூத்துதான். பார்க்கின்சன் இல்லை, இருபத்திரண்டு வருடச் சர்க்கரை நரம்பைத் தின்றுவிட்டது. வந்த வழி வேறு, சேர்ந்த இடம் ஒன்று.

யார் எழுந்து நின்றாலும் அரை லிட்டரிலிருந்து ஒரு லிட்டர் வரை ரத்தம் காலுக்கும் வயிற்றுக்கும் இறங்கிவிடும். கழுத்துத் தமனியிலும் பெருந்தமனி வளைவிலும் இருக்கிற உணர்நரம்புகள் உடனே மூளைக்குத் தகவல் சொல்லும். மூளையிலிருந்து உத்தரவு போய், நரம்பு நுனியில் நார்அட்ரினலின் சுரந்து, ரத்தக் குழாய்கள் இறுகும், இதயம் வேகம் பிடிக்கும். சில நொடி வேலை. நடந்ததே நமக்குத் தெரியாது. உங்கள் அப்பாவுக்கும் எனக்கும் அந்த உத்தரவு போகிற வழி கெட்டுப்போயிருக்கிறது. அதனால் நின்றால் அழுத்தம் விழுகிறது, படுத்தால் அதே அழுத்தத்தைக் கட்டுப்படுத்தவும் ஆள் இல்லை, ஏறி உட்கார்ந்துகொள்கிறது. ஒரே பழுதுக்கு இரண்டு முகம்.

நின்ற மூன்று நிமிடத்துக்குள் மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 இறங்கினாலே டாக்டர்கள் கணக்கில் எடுப்பார்கள். உங்கள் அப்பாவுக்கு 60 இறங்கியிருக்கிறது. அதைவிட முக்கியம் நாடி. தண்ணீர் வற்றியோ ரத்தம் போயோ அழுத்தம் இறங்கினால் நாடி பிய்த்துக்கொண்டு ஓடும். இவருக்கு ஐந்துதான் ஏறியிருக்கிறது. ஏறின ஐந்தை இறங்கின அறுபதால் வகுத்தால் 0.1 கூட வராது. 0.5-க்குக் கீழே இருந்தாலே நரம்பு மேல்தான் சந்தேகம் விழும்.

உப்புத் தண்ணீர் கொடுங்கள், தப்பில்லை. காலையில் ஒரு பெரிய டம்ளர். ஆனால் அதோடு முடிகிற வியாதி இல்லை இது.

சாய்நாற்காலி | பிப்ரவரி 7, காலை 5.50

ஒன்று கேட்க மறந்துவிட்டேன். அப்பா இதயத் துடிப்பைக் குறைக்கிற பீட்டா பிளாக்கர் மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறாரா? அதில் நாடி எப்படியும் ஏறாது, நேற்று நான் போட்ட வகுத்தல் கணக்கு செல்லாது. பேஸ்மேக்கர் இருந்தாலும் அப்படித்தான். ராத்திரி தூக்கக் கலக்கத்தில் பெரிய பண்டிதன் மாதிரி எழுதிவிட்டேன்.

சாய்நாற்காலி | பிப்ரவரி 7, மதியம் 3.20

பீட்டா பிளாக்கர் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள், நல்லது. ஆனால் நீங்கள் போட்ட மாத்திரைப் பட்டியலைப் பார்த்ததும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. நடுவில் டாம்சுலோசின் உட்கார்ந்திருக்கிறதே.

என் கதையைச் சொல்கிறேன். முதல் வருடம் எனக்கு என்ன வியாதி என்றே தெரியாது. சிறுநீர் தடைப்படுகிறது என்று போனேன், ப்ராஸ்டேட்டுக்கு இதே மாத்திரையைக் கொடுத்தார்கள். அது சிறுநீர்ப்பாதைத் தசையைத் தளர்த்துகிற மருந்து. ரத்தக் குழாய்களையும் கொஞ்சம் தளர்த்தும், சரியான நரம்பு இருப்பவருக்கு அது பெரிதாகத் தெரியாது. எனக்கு? மூன்றாம் நாள் விடியற்காலை. குளியலறைக் கண்ணாடி முன்னால் நின்று பல் தேய்க்கிறேன். முதலில் பின்கழுத்தும் இரண்டு தோளும் வலித்தன, சட்டை மாட்டும் ஹேங்கரை உள்ளே வைத்துத் தைத்ததுபோல. அப்புறம் தண்ணீர் விழுகிற சத்தம் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. கண்ணாடியில் என் முகத்தைச் சுற்றி ஓரம் கருத்துக்கொண்டே வந்து, கடைசியில் மூக்கு மட்டும் தெரிந்தது. அடுத்துத் தெரிந்தது தரை. புருவத்தில் நாலு தையல்.

அந்தக் கழுத்துவலிதான் முன்னறிவிப்பு என்று இரண்டு வருடம் கழித்துத்தான் புரிந்தது. மூளைக்கு முன்னாலேயே அந்தத் தசைகளுக்கு ரத்தம் குறைகிறது. இப்போது வலி ஆரம்பித்தால் எங்கே இருந்தாலும் உட்கார்ந்துவிடுவேன். அப்பாவுக்கும் இருக்கிறதா என்று கேளுங்கள். வயதான வலி என்று நினைத்துச் சொல்லாமல் இருப்பார்.

சிறுநீர் பிரிய வைக்கும் மாத்திரைகள், நெஞ்சுவலிக்கான நைட்ரேட், ஆண்மைக் குறைவுக்கான சில்டெனாஃபில், பழைய வகை மனச்சோர்வு மாத்திரைகள், எல்லாம் இதைக் கிளப்பும். பார்க்கின்சனுக்கான லெவோடோபாவும் இறக்கும், ஆனால் அதைத் தொடாதீர்கள். அது இல்லாமல் அவரால் நடக்கவே முடியாமல் போகலாம். எதையும் நீங்களாக நிறுத்த வேண்டாம், பட்டியலை அப்படியே டாக்டர் முன்னால் வைத்து, ‘இதில் எது நிற்பதைக் கெடுக்கிறது’ என்று கேளுங்கள். புது மாத்திரை கேட்பதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி.

சாய்நாற்காலி | பிப்ரவரி 9, காலை 7.10

ஒரு திருத்தம், கொஞ்சம் வெட்கத்தோடு. 6-ஆம் தேதி நானே ‘உப்புத் தண்ணீர் கொடுங்கள்’ என்று எழுதினேன். உப்பும் வேண்டும், தண்ணீரும் வேண்டும். ஒரே டம்ளரில் வேண்டாம்.

வெறும் தண்ணீர் அரை லிட்டரை மூன்று நாலு நிமிடத்தில் மளமளவென்று குடித்தால் எங்களைப் போன்றவர்களுக்கு மேல் அளவு 30 கூட ஏறும். ஐந்து நிமிடத்தில் ஆரம்பித்து, அரை மணி வாக்கில் உச்சத்துக்குப் போய், ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல் தாங்கும். நரம்பு நன்றாக இருக்கிற இளவயதுக்காரர் குடித்தால் ஒன்றும் ஆகாது. ரத்தம் பெருகுவதால் வருகிற ஏற்றம் இல்லை இது. நீர்த்த திரவம் வயிற்றுப் பக்கம் போனதும் எஞ்சியிருக்கும் நரம்பு ஒன்று கிளம்பிக் குழாயை இறுக்குகிறது. நீர்த்திருப்பதுதான் சூட்சுமம். அதில் உப்பைக் கலந்தால் ஏற்றம் குறைந்துவிடுகிறது. சோதித்தே பார்த்திருக்கிறார்கள், விநோதம் என்றுதான் அவர்களும் எழுதினார்கள்.

உப்பின் வேலை வேறு. சாப்பாட்டோடு நாள் முழுக்கச் சேர்ந்தால் உடம்பில் நீரைப் பிடித்து வைக்கும். ஒரு நாளைக்கு 6 முதல் 10 கிராம் வரை சொல்வார்கள். இதயமோ சிறுநீரகமோ தளர்ந்திருந்தால் அந்தப் பேச்சே கூடாது, டாக்டர் சொன்னால் மட்டும்.

என் கட்டில் பக்கத்தில் அரை லிட்டர் பாட்டில் ஒன்று நிரந்தரமாக இருக்கிறது. எழுந்து உட்கார்ந்து அதைக் காலி செய்துவிட்டுக் கால் மணி நேரம் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பேன். ‘தவம் முடிந்ததா’ என்பாள் மனைவி.

சாய்நாற்காலி | பிப்ரவரி 9, காலை 7.25

கேட்காமலே சொல்கிறேன்: படுக்கப் போகும் முன் இந்த அரை லிட்டர் கூடாது. படுத்த பிபி ஏற்கெனவே 154.

சாய்நாற்காலி | பிப்ரவரி 10, மாலை 6.40

முழங்கால் வரை ஸ்டாக்கிங்ஸ் வாங்கிவிட்டீர்களா? வாங்கியாச்சு, சரி. ஆனால் ரத்தம் தேங்குகிற பெரிய குளம் வயிறுதான், கெண்டைக்கால் வாய்க்கால். இடுப்பு வரை வரும் ஸ்டாக்கிங்ஸ் நல்லது. 30 முதல் 40 மில்லிமீட்டர் அழுத்தம் உள்ளதாக வாங்கச் சொல்வார்கள். அதை மாட்டிப் பார்த்தவருக்குத்தான் தெரியும். கை நடுங்குகிற பார்க்கின்சன்காரர் அதை இழுத்து ஏற்றுவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். நான் மூன்று வாரம் போராடிவிட்டு அலமாரியில் போட்டேன்.

வயிற்று பெல்ட் அப்படி இல்லை. படுத்தபடியே கட்டி, நின்ற பிறகு இன்னொரு இழுப்பு. மறுபடி படுக்கும்போது கழற்றிவிட வேண்டும். அந்த வெல்க்ரோ பிரிகிற சர்ர்ர் சத்தம் கேட்டால் ஐயா ஓய்வெடுக்கப் போகிறார் என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

ஒட்டகச்சிவிங்கிக்குப் பிறவியிலேயே ஸ்டாக்கிங்ஸ் உண்டு, தெரியுமா? கால் தோல் அவ்வளவு இறுக்கம், ரத்தம் கீழே தேங்க விடாது. அதன் பிபி நம்மைப் போல இரண்டு மடங்கு. குனிந்து தண்ணீர் குடித்துவிட்டு நிமிரும், மயங்குவதில்லை. பொறாமையாக இருக்கிறது.

சாய்நாற்காலி | பிப்ரவரி 12, இரவு 9.30

‘தலைப்பக்கம் உயர்த்தச் சொன்னார்கள், மூன்று தலையணை வைத்தோம், பலன் இல்லை’ என்று எழுதியிருந்தீர்கள். நானும் அதைத்தான் செய்தேன், கழுத்து பிடித்துக்கொண்டதுதான் மிச்சம். தலையணை உடம்பை இடுப்பில் மடக்கும், அவ்வளவுதான். கட்டிலே சாய வேண்டும். தலைமாட்டுக் கால்கள் இரண்டுக்கும் அடியில் ஆறிலிருந்து ஒன்பது அங்குலம் வரை கட்டை.

ஏன் என்று தெரிந்தால் செய்ய மனம் வரும். ராத்திரி தட்டையாகப் படுத்தால் அழுத்தம் ஏறுகிறது. சிறுநீரகம் அதைப் பார்த்து, ‘ஓகோ, நீர் அதிகமாகிவிட்டது’ என்று உப்பையும் நீரையும் வெளியே தள்ளுகிறது. ராத்திரி நாலு தடவை எழுந்து போவார், ப்ராஸ்டேட் என்று நினைப்பீர்கள். விடியும்போது உடம்பு வற்றிக் கிடக்கும். அதனால்தான் எங்கள் வியாதிக்குக் காலைதான் எமகண்டம். கட்டில் சாய்ந்திருந்தால் ராத்திரி அழுத்தம் குறையும், நீர் மிச்சமாகும், காலையில் நிற்பதும் கொஞ்சம் சுலபமாகும்.

நான் முதல் நாளே ஒன்பது அங்குலம் வைத்தேன். விடியற்காலை பார்த்தால் போர்வையோடு கால்மாட்டுப் பலகையில் குவிந்து கிடக்கிறேன். மனைவி தன் பங்குக்கு வழுக்கி வந்து என்மேல். நாலு அங்குலத்தில் ஆரம்பித்து மெதுவாக ஏற்றுங்கள்.

சாய்நாற்காலி | பிப்ரவரி 14, காலை 10.05

மாத்திரைக்கு வருவோம். உங்கள் டாக்டர் எழுதிய மிடோட்ரின் நானும் சாப்பிடுகிறேன். அது அறுந்த நரம்பின் வேலையைத் தானே செய்யும், நேராகக் குழாயைப் பிடித்து இறுக்கும். சாப்பிட்டு ஒரு மணி நேரத்தில் ஏறும், இரண்டு மூன்று மணி நேரம் தாங்கும், போய்விடும். அதனால் மூன்று வேளை, அதுவும் விழித்து நடமாடுகிற நேரத்தில் மட்டும். தலையில் எறும்பு ஊர்வதுபோல் இருக்கும், கையில் மயிர் சிலிர்க்கும். பயப்பட வேண்டாம், வேலை செய்கிறது என்று அர்த்தம். எனக்கு எறும்பு ஊரத் தொடங்கினால் ‘சரி, எழுந்திருக்கலாம்’ என்று கணக்கு. ஆனால் சிறுநீர் தடைப்படலாம், உங்கள் அப்பாவுக்கு ஏற்கெனவே அந்தத் தொந்தரவு இருப்பதால் இதை டாக்டரிடம் சொல்லியே ஆக வேண்டும்.

படுப்பதற்கு நாலு மணி நேரம் முன்னால் கடைசி மாத்திரை முடிந்திருக்க வேண்டும். இதை எல்லோரும் ‘மாலை ஆறு மணிக்குள்’ என்று சுருக்கிச் சொல்கிறார்கள். அந்தச் சுருக்கம்தான் என்னைக் கவிழ்த்தது. மதியம் ஒரு மணி மாத்திரையைப் போட்டேன், சாப்பிட்டேன், கண் சொக்கியது, தட்டையாகப் படுத்துவிட்டேன். மண்டை இடிக்கிற தலைவலியோடு விழித்து, படுத்தபடியே மெஷினைக் கட்டினால் 204/108. எழுந்து சாய்நாற்காலியில் உட்கார்ந்தேன். இருபது நிமிடத்தில் 150 சொச்சம். என் வியாதியே எனக்கு முதலுதவி செய்த நாள் அது. கடிகாரத்தில் என்ன மணி என்பது முக்கியமில்லை, அடுத்து எப்போது படுக்கப் போகிறோம் என்பதுதான். மதியத் தூக்கமும் படுக்கைதான். அன்றிலிருந்து பகல் தூக்கம் நாற்காலியிலேயே, இங்கே என் பெயரும் அதுவே.

ஃப்ளூட்ரோகார்ட்டிசோனும் கொடுத்துப் பார்த்தார்கள். அது உப்பைப் பிடித்து வைக்கிற மருந்து. உடனே தெரியாது, நாட்கள் ஆகும். எனக்குக் கணுக்கால் வீங்கி, பொட்டாசியம் இறங்கியது, நிறுத்திவிட்டார்கள். சிலருக்கு அதுதான் கைகொடுக்கிறது.

ட்ராக்ஸிடோபா என்று ஒன்று, உடம்புக்குள் போய் நார்அட்ரினலினாக மாறுகிறது. ஜப்பானில் 1989-லிருந்து இருக்கிறது, அமெரிக்காவில் 2014-இல்தான் அனுமதி. பார்க்கின்சன்காரர்களுக்கு யோசிக்கிற மருந்து, கேட்டுப் பாருங்கள். பைரிடோஸ்டிக்மின் கொஞ்சமாகத்தான் ஏற்றும், ஆனால் படுத்த பிபியைக் கெடுக்காது. நான் சாப்பிட்டதில்லை.

சாய்நாற்காலி | பிப்ரவரி 14, இரவு 8.15

காலையில் எழுதியதைத் திரும்பப் படித்தேன். எறும்பு ஊர்ந்தால் எழுந்திருக்கலாம் என்பது என் உடம்புக்கு நான் கண்டுபிடித்த விதி. உங்கள் அப்பாவுக்கு மெஷினை வைத்தே முடிவு செய்யுங்கள்.

சாய்நாற்காலி | பிப்ரவரி 17, காலை 11.30

‘எந்த எண்ணுக்குக் கொண்டுவர வேண்டும்’ என்று கேட்டிருக்கிறீர்கள். வியாதி தெரிந்த புதிதில் நானும் நின்ற பிபி 120 வராமல் விடமாட்டேன் என்று மல்லுக்கட்டினேன். எனக்கு 98-இல் ஒன்றும் செய்வதில்லை, 84-இல் ஹேங்கர் வலி வருகிறது. என் நோட்டில் இப்போது பிபி பத்திக்குப் பக்கத்தில் இன்னொரு பத்தி இருக்கிறது: வலி வராமல் எத்தனை நிமிடம் நின்றேன். ஆரம்பத்தில் 1 நிமிடம் 40 நொடி. போன வாரம் 11 நிமிடம். பதினோரு நிமிடத்தில் ஒரு மனிதன் குளித்துத் துவட்டிக்கொள்ளலாம். (நான் ஸ்டூலில் உட்கார்ந்துதான் குளிக்கிறேன். வெந்நீர் ரத்தக் குழாயை விரிக்கும், வீரம் காட்ட அது இடமில்லை.)

அந்த நோட்டில் நேரத்தைக் குறித்து வைத்தபோதுதான் ஒன்று பிடிபட்டது. என் மோசமான வேளைகள் காலை ஆறரையும் மதியம் இரண்டும். காலைக்குக் காரணம் சொல்லிவிட்டேன். மதியம் சாப்பாடு. வயிறு நிறைந்தால், அதுவும் மாவுச்சத்தாக நிறைந்தால், ரத்தம் குடல் பக்கம் திரும்பிவிடும், அடுத்த இரண்டு மணி நேரத்துக்குள் 20-க்கு மேல் இறங்கலாம். அதே சாப்பாட்டை ஆறாகப் பிரித்துச் சாப்பிட ஆரம்பித்ததும் இரண்டு மணிப் பிரச்சினை பாதியாகிவிட்டது. மாத்திரையை ஒரு மில்லிகிராம்கூடக் கூட்டவில்லை.

இதையே திருப்பியும் போடலாம். படுக்கும் முன் சின்னதாக ஏதாவது மாவுச்சத்து சாப்பிட்டால் ராத்திரி பிபி கொஞ்சம் இறங்கும். பகலில் எதிரி, ராத்திரியில் கூட்டாளி. எனக்குச் சர்க்கரை என்பதால் அந்தக் கொடுப்பினை இல்லை, உங்கள் அப்பாவுக்கு இல்லையே.

தண்ணீர், உப்பு, பெல்ட், மாத்திரை, சாப்பாடு எல்லாமே எனக்கு இப்படித்தான் முடிந்தது. எவ்வளவு என்று கேட்டுக்கொண்டிருந்தேன், எப்போது என்று கேட்டிருக்க வேண்டும்.

சாய்நாற்காலி | பிப்ரவரி 17, மாலை 5.00

நிற்கும்போது வலி ஆரம்பித்து, உட்கார இடம் இல்லையென்றால்: காலைக் கத்தரி மாதிரி குறுக்கே வைத்துத் தொடை, பிட்டம், வயிறு மூன்றையும் இறுக்கிப் பிடிக்க வேண்டும். பார்க்கிறவர்களுக்கு அவசரமாகக் கழிப்பறை தேடுகிறவன் போல் தெரியும், தெரியட்டும். உங்கள் அப்பாவுக்கு நடை தடுமாறும் என்றால் கால் குறுக்கே வேண்டாம், முஷ்டியையும் தொடையையும் இறுக்கினால் போதும். குந்தி உட்கார்ந்தால் அழுத்தம் உடனே ஏறும், ஆனால் குந்தியவர் எழுந்திருக்க வேண்டுமே.

சாய்நாற்காலி | பிப்ரவரி 20, இரவு 10.40

தூக்கம் வரவில்லை. பிராட்பரி, எகிள்ஸ்டன் என்ற இரண்டு டாக்டர்கள் 1925-இலேயே மூன்று நோயாளிகளைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். நின்றால் மயக்கம், நாடி மாறுவதில்லை, வியர்வை இல்லை, வெயில் காலத்தில் மோசம், ஆண்மைக் குறைவு. ஐந்தும் எனக்குப் பொருந்துகிறது. என் வீட்டுக்கு வந்து பார்த்துவிட்டு எழுதியதுபோல இருந்தது. அவர்களுக்கு மிடோட்ரின் கிடையாது, அது வர இன்னும் பல பத்தாண்டு இருந்தது. அந்த மூன்று பேரும் வெயில் காலத்தை எப்படிக் கடந்தார்கள் என்று நினைத்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறேன். வியர்க்காதவனுக்கு வெயில் எப்படி இருக்கும் என்று வியர்க்கிறவர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது.

மூத்தமகன் | பிப்ரவரி 26, காலை 9.15

டாக்டர் ப்ராஸ்டேட் மாத்திரையை மாற்றினார். மிடோட்ரின் 2.5 மில்லிகிராம், காலையும் மதியமும் மட்டும், சிறுநீர் தடைப்பட்டால் உடனே வரச் சொன்னார். கட்டிலுக்கு ஆறு அங்குலக் கட்டை. நேற்று நின்று மூன்றாவது நிமிடம் 112/66. நின்றபடியே முழுதாகச் சவரம் செய்துகொண்டார். படுத்தால் 158, அது இறங்கவில்லை. கழுத்துவலி ஒரு வருடமாகவே இருக்கிறதாம், இப்போதுதான் சொல்கிறார். ராத்திரி சிறுநீர் கழித்துவிட்டுத் திரும்பும்போது மட்டும் இன்னும் தள்ளாடுகிறார்.

சாய்நாற்காலி | பிப்ரவரி 26, காலை 9.40

படுத்த 158-ஐ டாக்டர் பார்த்துக்கொள்வார். ராத்திரிக்கு மட்டும் குறுகிய நேரம் வேலை செய்கிற மருந்து சிலருக்குக் கொடுக்கிறார்கள்.

ராத்திரி நின்றபடி போகிறாரா? உட்கார்ந்து போகச் சொல்லுங்கள். முக்கக் கூடாது. முடிந்ததும் ஒரு நிமிடம் அங்கேயே உட்கார்ந்து காலை ஆட்டிவிட்டு எழட்டும். கட்டில் பக்கத்திலேயே ஒரு சிறுநீர்க் குடுவை வைத்தால் இன்னும் நல்லது. மறுப்பார். நானும் ஆறு மாதம் மறுத்தேன், புருவத்தில் இரண்டாவது முறையாகத் தையல் விழுகிற வரைக்கும்.